பாஸ்டனில் ஒரு பழைய வரி அதிகாரி

முதல் நாள், வெள்ளி

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பாத்திரம் கழுவும் மெஷினில் எந்தத் தட்டை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டதைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் பேரன்தான் ஆரம்பித்து வைத்தான். அமெரிக்கச் சுதந்திரப் போர் பற்றி அவனுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். படித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று தலையைத் தூக்கி, "தாத்தா, நீங்க டாக்ஸ் ஆபீசர்தானே? அப்போ நீங்க பிரிட்டிஷ் பக்கமா?" என்றான்.

31 வருஷம் வணிகவரித் துறையில் இருந்தவன் நான். லாரிக்காரர்கள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள், இப்படி யாரும் கேட்டதில்லை. நாலைந்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாய்தா வாங்கிக்கொண்டேன். என் மனைவி பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டாள். கிளம்பிவிட்டோம்.

ஏல்வைஃப் நிலையத்தில் ரயிலேறி பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் எதிரிலேயே பாஸ்டன் காமன் என்கிற பெரிய புல்வெளி. அங்கிருந்து நடைபாதையில் சிவப்புச் செங்கல்லால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டரை மைல் நீளம், வழியில் 16 இடங்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் போதும், யாரையும் வழி கேட்க வேண்டாம். ஊர் சுற்றிக் காட்ட இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை.

கோடு கிரானரி இடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. கறுத்த பலகைக்கல் நடுகற்கள், பலதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் இறக்கை வைத்த மண்டையோடு. நம் ஊரில் சாவை யாரும் இப்படிச் செதுக்கி வைக்க மாட்டார்கள். ஆனால் பல் வரிசையைப் பார்த்தால் சில மண்டையோடுகள் சிரிப்பதுபோல இருக்கின்றன. "இது பரவாயில்லையே, நல்ல முகமா இருக்கு" என்றாள் மனைவி.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறாங்கல், அதில் வெண்கலத் தகடு. சாமுவேல் ஆடம்ஸ். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து ஊரைத் திரட்டியவர்களில் முதல் ஆள். இவரைப் பற்றிப் பேரனின் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதி எனக்குத் தெரியும். இவர் பாஸ்டன் நகரத்தின் வரி வசூல்காரர். 1756 முதல் 1765 வரை அந்த வேலையில் இருந்தார். வசூலிக்கத்தான் இல்லை. கஷ்டம் என்று சொன்னவனையெல்லாம் சரி, அப்புறம் கொடு என்று விட்டுவிடுவார். வேலையை விடும்போது அவர் கணக்கில் சுமார் 8000 பவுண்டு பாக்கி. என் சர்வீஸில் யாராவது இப்படி இருந்திருந்தால் குற்றக் குறிப்பாணையோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார். இவர் தலைவரானார். அத்தனை வீட்டு வாசலிலும் ஏறி இறங்கி, யாரையும் நெருக்காமல் திரும்பி வந்த மனிதருக்கு ஊரில் செல்வாக்கு வராமல் என்ன செய்யும்?

அதே இடுகாட்டில் கிறிஸ்டோபர் சைடர் என்ற சிறுவன் புதைக்கப்பட்டிருக்கிறான். பத்து, பதினொரு வயதுதான். 1770 பிப்ரவரியில், சுங்கத்துக்குத் துப்புக் கொடுக்கிறவர் என்று ஊர் கரித்துக்கொட்டிய எபனேசர் ரிச்சர்ட்சன் வீட்டின் மேல் கூட்டம் கல்லெறிந்தது. அவர் ஜன்னல் வழியாகச் சுட்டார், பையன் செத்தான். ஆயிரக்கணக்கானவர்கள் பின்தொடர ஊர்வலம் நடந்தது. துப்புக் கொடுப்பவன் பெயரை வெளியே விடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

கோட்டை விட்டு விலகி டிரிமாண்ட் தெருவிலேயே கொஞ்சம் தள்ளி இன்னொரு பலகையைத் தேடிப் போனேன். எலிஹு யேல் 1649-ல் இந்தப் பக்கத்தில்தான் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் என்று உலகத்துக்குத் தெரியும். நமக்கு அவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர். பலகையிலும் சென்னை கவர்னர் என்றே போட்டிருக்கிறார்கள். சொந்தமாக வியாபாரம் செய்து பணம் சேர்த்ததாகக் குற்றம் சாட்டி கம்பெனியே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. கம்பெனி நாளைக்கு மறுபடி வரும், அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பழைய அரசு மாளிகை, 1713-ல் கட்டிய செங்கல் கட்டடம். சுற்றிலும் கண்ணாடி மாடிக் கட்டடங்கள் நிற்க, நடுவில் பொம்மைக் கொலு வீடு மாதிரி தெரிகிறது. உச்சியில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை. அடியில் சுரங்க ரயில் நிலையம். மாடிக் கூடத்தில் 1761-ல் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வக்கீல் வாதாடிய வழக்குதான் எனக்கு முக்கியம். கடத்தல் சரக்கைத் தேட எந்த வீட்டுக்குள்ளும் எந்தக் கிடங்குக்குள்ளும் நுழையச் சுங்க அதிகாரிக்குப் பொதுவான ஒரு சோதனை ஆணை. வீட்டுக்காரன் பெயர் வேண்டாம், காரணம் வேண்டாம், ராஜா செத்து ஆறு மாதம் ஆகும்வரை செல்லும். அவர் செத்துப் போனதால்தான் புதிதாகக் கேட்டார்கள், வழக்கும் வந்தது. ஓட்டிஸ் மணிக்கணக்கில் பேசினார், கடைசியில் தோற்றார். மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இளம் வக்கீல் ஜான் ஆடம்ஸ், பின்னால் நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி. சுதந்திரம் என்கிற குழந்தை அன்றைக்கு அந்த அறையில்தான் பிறந்தது என்று வயதான பிறகு எழுதினார்.

எனக்கும் சோதனை அதிகாரம் இருந்தது. கடைக்குள் நுழைந்ததும் முதலாளி முகத்தில் வரும் மாற்றத்தை முப்பது வருஷமும் பார்த்திருக்கிறேன். கணக்கு சுத்தமாக இருக்கிறவனும் அப்படித்தான் பார்ப்பான். ஓட்டிஸ் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரியும்.

மாளிகைக்கு முன்னால் தரையில் கற்களை வட்டமாகப் பதித்திருக்கிறார்கள். 1770 மார்ச் 5 இரவு இந்தப் பக்கத்தில்தான் ராணுவம் சுட்டது. அதற்குமுன் இரண்டு வருஷக் கதை இருக்கிறது. 1768 ஜூனில் பாஸ்டன் வியாபாரி ஜான் ஹான்காக்கின் 'லிபர்ட்டி' கப்பலை ஒயின் கடத்தியதாகச் சுங்கக்காரர்கள் பிடித்தார்கள். ஊர் அவர்களைத் துரத்தியதில் துறைமுகத்துத் தீவுக் கோட்டையில் போய் ஒளிந்தார்கள். பாதுகாப்புக்கு அக்டோபரில் பட்டாளம் வந்து இறங்கியது. சுமார் 16,000 பேர் வாழும் ஊரில் எங்கே திரும்பினாலும் சிவப்புக் கோட்டு. சம்பளம் பத்தாமல் சிப்பாய்கள் கயிறு திரிக்கும் பட்டறைகளில் குறைந்த கூலிக்கு வேலை கேட்டுப் போனார்கள், அதில் கைகலப்பு. அன்றைய இரவு ஆரம்பமும் இதேபோல அற்பமானது. சவரிமுடிக் கடைப் பையன் ஒருவன், முடிதிருத்திய காசு பாக்கி என்று ஒரு ஆபீசரைப் பார்த்துக் கத்தினான். காவலுக்கு நின்ற சிப்பாய் அவனைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். கூட்டம் சேர்ந்தது, பனிக்கட்டி பறந்தது. சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். முதலில் விழுந்தவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்கரும் பூர்வகுடியும் கலந்த வம்சத்து மாலுமி. ஆபீசர் அந்தப் பாக்கியை அதற்கு முன்பே கட்டிவிட்டாராம்.

அந்தச் சிப்பாய் எதற்குக் காவல் நின்றான் என்று பாருங்கள். சுங்க அலுவலகத்துக்கு. என் ஆபீஸ் வாசல்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிப்பாய்களுக்கு வாதாட முன்வந்தவர், மூலையில் உட்கார்ந்து கேட்ட அதே ஜான் ஆடம்ஸ். கேப்டன் பிரஸ்டனும் ஆறு பேரும் விடுதலை. இரண்டு பேருக்கு மட்டும் கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம் இதுதான். சொந்த ஊர்ப் பிணம் ஐந்து விழுந்த பிறகும் எதிராளிக்கு ஒரு வக்கீல் கிடைத்தார்.

இரண்டாம் நாள், சனி

இன்று முழுக்கத் தேயிலை.

ஊருக்கு வரும்போதே எனக்கு ஒரு சந்தேகம். வரியை ஏற்றினால் சண்டை வரும், சரி. இங்கே குறைத்தபோதெல்லாம் அல்லவா சண்டை வந்திருக்கிறது? 1764-ல் வெல்லப்பாகு மேல் இருந்த வரியை காலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகப் பாதியாக்கினார்கள். ரம் காய்ச்சுகிற ஊர், சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொந்தளித்தது. காரணம் சுலபம். 6 பென்ஸ் என்பது காகிதத்தில் இருந்த வரி, அதிகாரிக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தார்கள். 3 பென்ஸை நிஜமாகவே வசூலிக்கப் போகிறோம் என்றதும் வலித்தது. இதை எந்த செக்போஸ்ட் குமாஸ்தாவும் சொல்லிவிடுவான். விகிதத்தை யாரும் பார்ப்பதில்லை, கையை விட்டுப் போகிற காசைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்த வருஷம் வந்தது முத்திரைச் சட்டம். பத்திரம், லைசென்ஸ், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரைத்தாளில்தான் இருக்க வேண்டும். நிலம் பதிவு செய்யப் போகிற நமக்கு இது சாதாரணம். அவர்களுக்கு இதில் இரண்டு கோபம். ஒன்று, நாங்கள் ஆள் அனுப்பாத பாராளுமன்றம் எங்கள் மேல் எப்படி வரி போடலாம் என்பது. இன்னொன்று, சட்டம் கை வைத்த ஆட்கள். வக்கீல், பத்திரிகைக்காரன், சாராயக்கடைக்காரன். நாள் முழுக்கப் பேசுகிற மூன்று பேரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்ட நிதியமைச்சரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. முத்திரைத்தாள் விநியோகஸ்தராக ஆண்ட்ரூ ஆலிவர் வருவார் என்று தெரிந்ததும், 1765 ஆகஸ்ட் 14 அன்று அவர் உருவப் பொம்மையை ஒரு எல்ம் மரத்தில் தொங்கவிட்டார்கள். ராத்திரி அவர் வீட்டை உடைத்தார்கள். வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், பாவம். முத்திரைத்தாள் கப்பல் அப்போது இன்னும் வந்து சேரவே இல்லை. அடுத்த வருஷம் சட்டத்தையே வாபஸ் வாங்கினார்கள்.

ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ் ஒரு பெரிய தேவாலயம். 1773 டிசம்பர் 16 அன்று தேயிலை வரியை எதிர்த்து இதற்குள்ளும் வெளியிலும் சுமார் 5000 பேர் நின்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்தோம். கதவு வைத்த மரப்பெட்டி மாதிரி இருக்கைகள், குடும்பத்துக்கு ஒன்று. பின்னால் ஆங்கிலேயப் படை இதைக் குதிரைச் சவாரிப் பள்ளியாக்கி, அந்த இருக்கைகளைப் பிடுங்கி விறகாக எரித்தது. ஒரு பக்கம் ஃபிலிஸ் வீட்லியின் சிலை. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகப் பிடித்து வந்து விற்கப்பட்டு, இந்த ஊரில் அடிமையாக இருந்தபடி கவிதை எழுதி, 1773-லேயே புத்தகம் போட்டவர். இந்தச் சபையில் உறுப்பினர். ஐயாயிரம் பேர் அடிமைத்தனம் ஒழிக என்று கத்திய கூடத்தில், அந்த வார்த்தையின் முழு அர்த்தம் தெரிந்த ஒருவர் மாடத்திலோ மூலையிலோ உட்கார்ந்துதான் தொழுதிருக்க முடியும்.

அன்றைய சிக்கல் ஒரு சுங்க நடைமுறைச் சிக்கல். யாரும் இதை விளக்கமாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். 'டார்ட்மவுத்' என்ற கப்பல் தேயிலையோடு நவம்பர் 28 அன்று வந்தது. சரக்கு வந்து 20 நாளுக்குள் வரி கட்ட வேண்டும், தவறினால் ஜப்தி. ஜப்தி செய்தால் ஏலம் விடுவார்கள், தேயிலை ஊருக்குள் வந்துவிடும். திருப்பி அனுப்பலாமா என்றால் வரி கட்டாமல் துறைமுகம் விட்டுப் போகச் சீட்டு கிடைக்காது. கவர்னர் ஹட்சின்சன் சீட்டுக் கொடுக்க மாட்டேன் என்றார். டிசம்பர் 17 கடைசி நாள். கப்பல்காரரின் மகன் பிரான்சிஸ் ராட்ச், குளிரில் மில்டன் வரை போய் கவர்னரிடம் கெஞ்சிவிட்டு, இருட்டிய பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்து இந்தக் கூடத்தில் நின்றார். அப்புறம்தான் மொஹாக் பூர்வகுடிகள் போல வேஷம் போட்டவர்கள் துறைமுகத்தை நோக்கிக் கிளம்பினார்கள்.

காங்கிரஸ் தெருப் பாலத்தில் பழைய கப்பல்களின் மாதிரியை நிறுத்தி ஒரு மியூசியம் நடத்துகிறார்கள். நிஜத் துறை இருந்த இடம் இப்போது கடலைத் தூர்த்து ஊராகிவிட்டது. அந்தக் கால உடுப்பில் ஒரு பெண் எங்கள் கையில் ஆளுக்கொரு இறகைக் கொடுத்துக் கூட்டத்தில் கத்தச் சொன்னார். என் மனைவி கூச்சப்படுவாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் கத்தினாள். அப்புறம் கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டியைக் கடலில் வீசலாம். பெட்டியில் கயிறு கட்டியிருக்கிறது. வீசியதும் அடுத்த கோஷ்டிக்காக இழுத்துக்கொள்கிறார்கள். வரிசையில் நின்று வீசினேன். பெட்டி தண்ணீரில் விழுந்த சத்தத்தில் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

உள்ளே கண்ணாடிக்குள் ஒரு நிஜப் பெட்டி. அந்த இரவில் கரை ஒதுங்கியதை ஒரு பையன் எடுத்து வைத்திருந்து, குடும்பத்தில் கைமாறி வந்திருக்கிறது. அவ்வளவு சின்னது! நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

மொத்தம் மூன்று கப்பல், 342 பெட்டி, 92,000 பவுண்டு எடைக்கு மேல். மூன்று மணி நேர வேலை. கடல் வற்றியிருந்த நேரம், கொட்டிய தேயிலை கப்பல் பக்கத்தில் வைக்கோல் போர் மாதிரி குவிந்துவிட்டதாம். வேறு எதையும் தொடவில்லை. ஒரு பூட்டு உடைந்ததற்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கோட்டு உள்பையில் தேயிலையை அடைத்துக்கொண்ட ஒருவரைப் பிடித்துச் சட்டையைக் கழற்றி அடித்து அனுப்பினார்கள்.

தேநீர்க்கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் நாப்கினில் ஒரு கணக்குப் போட்டேன். பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி. 92,000 பவுண்டுக்கு 2,76,000 பென்ஸ். ஒரு பவுண்டு பணத்துக்கு 240 பென்ஸ். ஆக, பிரச்சினைக்குரிய வரி 1150 பவுண்டு. கடலில் போன சரக்கின் மதிப்பு என்று கம்பெனி காட்டிய தொகை 9659 பவுண்டு.

இத்தனைக்கும் அந்தத் தேயிலை மலிவு. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலையாகக் கிடந்து, கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. அரசாங்கம் 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, 1773-ல் தேயிலைச் சட்டமும் போட்டது. லண்டன் வரியைத் திருப்பித் தருகிறோம், நடுவில் மொத்த வியாபாரி வேண்டாம், நீங்களே ஆள் வைத்து விற்றுக்கொள்ளுங்கள். டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வருவதைவிட விலை குறையும். பாஸ்டனில் ஏஜென்சி எடுத்தவர்களில் கவர்னரின் இரண்டு மகன்கள் உண்டு. முறையான வியாபாரிக்கும் வேலை போனது, கடத்தல் குருவிக்கும் பிழைப்பு போனது. இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்றால் ஊர் எப்படி அடங்கும்?

கம்பெனி மேல் இருந்த பயம் வேறு. பிலடெல்பியாவின் ஜான் டிக்கின்சன் அந்த நவம்பரில் எழுதிய கடிதத்தில், இந்தக் கம்பெனி ஆசியாவில் என்ன செய்தது பாருங்கள் என்று கேட்டார். வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்ததைச் சுட்டிக்காட்டினார். நம் பக்கத்துச் சாவு இங்கே ஒருத்தருக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்கிறது. கொட்டிய தேயிலை சீனாவிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரி, அசாம் எல்லாம் பிந்தைய கதை.

அதே ஐந்து ரகத் தேயிலையைக் குடிக்கத் தருகிறார்கள். பொஹீ என்ற ரகம்தான் அந்த இரவில் அதிகம் போனது. கஷாய நிறம், புகை வாசனை. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "ஏங்க, இதைக் கொட்டினதுல தப்பே இல்லை."

மூன்றாம் நாள், ஞாயிறு

மழை. குடையைத் திருப்பிப் போடுகிற காற்று. பால் ரிவியரின் மர வீட்டையும் ஓல்ட் நார்த் சர்ச்சையும் ஓட்டமாகப் பார்த்துவிட்டு மத்தியானமே திரும்பிவிட்டோம். 1775 ஏப்ரல் 18 இரவு இந்தச் சர்ச் கோபுரத்தில் இரண்டு லாந்தர் தெரிந்தது. படை தரை வழியாகச் சுற்றிப் போகாமல் படகில் ஆற்றைக் கடக்கிறது என்று அக்கரைக்குச் சொல்ல. ரிவியர் இரவல் குதிரையில் லெக்சிங்டன் வரை போய்ச் சேதி சொன்னார். "பிரிட்டிஷ்காரன் வர்றான்" என்று அவர் கத்தினதாகப் பேரனும் நம்பிக்கொண்டிருந்தான். அப்படிக் கத்த வழியில்லை, அன்றைக்கு எல்லாருமே தங்களைப் பிரிட்டிஷ்காரர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டாளம் கிளம்பிவிட்டது என்பதே சேதி. காங்கார்டுக்குப் போகிற வழியில் அவரை ரோந்துப் படை பிடித்துக்கொண்டது. குதிரை சொந்தக்காரருக்குத் திரும்பிக் கிடைக்கவே இல்லை.

சாயந்தரம் வீட்டில் புத்தகம் புரட்டியபோது ஒன்று கிடைத்தது. 1782-ல் பென்சில்வேனியாவின் ஒரு போர்க்கப்பல் டெலவேர் வளைகுடாவில் ஆங்கிலேயக் கப்பல் ஒன்றைப் பிடித்திருக்கிறது. அந்தப் பென்சில்வேனியக் கப்பலின் பெயர் ஹைதர் அலி! சென்னை வாசல் வரை குதிரைப் படையோடு வந்து 1769-ல் கம்பெனியைக் கையெழுத்துப் போடவைத்தவர் பெயர் இங்கே ஒரு கப்பலில். எதிரிக்கு எதிரி, அவ்வளவுதான். ஆனாலும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

நான்காம் நாள், திங்கள்

மாசசூசெட்ஸில் இன்று பேட்ரியட்ஸ் டே, விடுமுறை. ரிவியர் சேதி சொன்ன இரவு விடிந்ததும் லெக்சிங்டன் புல்வெளியில் நடந்த முதல் சண்டையை அங்கேயே விடியற்காலை நடித்துக் காட்டுவார்கள். மூன்றரை மணிக்கு எழுந்தோம். பாதை மறித்திருந்ததால் காரை எங்கேயோ விட்டுவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் இருட்டில் நடை. நான் போட்டிருந்தது ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், அதன் மேல் மாப்பிள்ளையின் கோட்டு. அப்படியும் தாடை ஆடியது.

ஜனங்கள் மடக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் நிற்பவன் தலைக்கு மேலே பார்க்க. திருவிழாவில் தேர் பார்க்கத் திண்ணையில் இடம் பிடிக்கிற அதே அவசரம். யாரோ ஒரு அம்மாள் தன் ஏணியில் பேரனுக்கு ஒரு படி கொடுத்தார்.

ஐந்தரை வாக்கில் மணி அடித்தது. பக்மேன் சத்திரத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். கிழவர்கள், பையன்கள், ஒரு கறுப்பர். அந்தக் கறுப்பர் பிரின்ஸ் எஸ்டாபுரூக், அடிமை. அன்றைக்கு நிஜமாகவே வரிசையில் நின்று குண்டடி பட்டவர். கேப்டன் ஜான் பார்க்கரிடம் இருந்தது 77 பேர். எதிரே தமுக்கு அடித்துக்கொண்டு சிவப்புக் கோட்டு வரிசை வந்தது. காங்கார்டில் பதுக்கிய பீரங்கியையும் வெடிமருந்தையும் அழிக்க பாஸ்டனிலிருந்து புறப்பட்ட சுமார் 700 பேரின் முன்னணி. மேஜர் பிட்கேர்ன் கலைந்து போகச் சொல்கிறார். பார்க்கரும் கலையத்தான் சொல்கிறார். பாதிப் பேர் திரும்பி நடக்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு வெடி. யார் சுட்டது என்று இன்றுவரை முடிவாகவில்லை. அப்புறம் ஒரே சடசடப்பு, வெள்ளைப் புகை, ஓட்டம். முடிந்தது.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முடிந்துவிட்டது. பெரிய யுத்தம் ஆரம்பமான நேரம் இவ்வளவுதானா என்று இருந்தது. புகை கலைந்ததும் பெண்கள் ஓடி வந்து கிடப்பவர்களைப் புரட்டிப் பார்த்து அழுதார்கள். எட்டுப் பேர். ஜோனதன் ஹாரிங்டன் குண்டு பட்டுத் தவழ்ந்து போய்த் தன் வீட்டு வாசலில் மனைவி கண்ணெதிரே செத்தார் என்பது இந்த ஊர்க்கதை. அந்த வீடு புல்வெளி ஓரத்தில் இன்னும் நிற்கிறது. நடிகர் அந்தப் பக்கம் தவழும்போது கூட்டத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. என் மனைவி முந்தானையைக் கோட்டுக்குள்ளிருந்து இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, செத்தவர்கள் எழுந்து தொப்பியைத் தேடினார்கள்.

சர்ச்சில் தட்டு நிறையப் பான்கேக் தின்றுவிட்டு, ஊர்வலக் கூட்டம் குறைந்த பிறகு மத்தியானம் காங்கார்டு.

வடக்குப் பாலம் மரப்பாலம், இப்போது இருப்பது மறுபடி கட்டியது. கீழே ஆறு அசையாமல் கிடக்கிறது, வைகையைவிடக் குறுகல், ஆனால் தண்ணீர் இருக்கிறது. அன்றைக்கு ஊருக்குள் சிப்பாய்கள் பீரங்கி வண்டிச் சக்கரங்களைக் குவித்து எரித்தார்கள். மேட்டில் நின்ற சுமார் 400 பேருக்குத் தெரிந்தது புகை மட்டும். ஊரையே கொளுத்துகிறான் என்று நினைத்து இறங்கி வந்தார்கள். பாலத்தில் இருந்த சிப்பாய்கள் சுட்டதில் ஆக்டன் ஊர்க் கேப்டன் ஐசக் டேவிஸ் விழுந்தார். தொழில் துப்பாக்கி செய்வது. இந்தப் பக்கம் திருப்பிச் சுடச் சொல்லி மேஜர் பட்ரிக் உத்தரவு. ராஜாவின் படை மேல் உத்தரவு போட்டுச் சுட்டது அதுதான் முதல் தடவை. பாஸ்டனுக்குத் திரும்புகிற வழி முழுக்கக் கல்சுவருக்குப் பின்னாலிருந்து சுட்டுக்கொண்டே வந்தார்கள். அன்றைய கணக்கு, ராணுவத்தில் 73 பேர் சாவு, 174 பேர் காயம், 26 பேர் காணவில்லை. ஊர்க்காரர்களில் 49 பேர் சாவு.

பாலத்துக்கு ஒரு பக்கம் ஏர்க்கலப்பையில் கை வைத்தபடி துப்பாக்கியோடு நிற்கும் விவசாயி சிலை. எல்லாரும் அதன் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள். மறுபக்கம் கல்சுவர் ஓரமாக, இங்கே செத்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் குழி. சின்னதாக இங்கிலாந்துக் கொடி நட்டிருக்கிறார்கள். யாரோ இன்று காலைதான் மாற்றியிருக்க வேண்டும், துணி புதிதாக இருந்தது.

அங்கே ஒரு கல்மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே மனைவியிடம் நாலு நாளாக மனதில் உருண்டுகொண்டிருந்ததைச் சொன்னேன். தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக 1774 ஜூனில் துறைமுகத்தை மூடினார்கள், மாகாணத்தின் சாசனத்தை மாற்றினார்கள். அந்த அக்டோபரில் இந்தக் காங்கார்டு ஊர்ச் சபைக்கூடத்தில் மாகாணப் பிரதிநிதிகள் தாங்களாகவே கூடினார்கள். தலைவர் ஹான்காக், அந்த 'லிபர்ட்டி' கப்பல்காரர். அதே மாதம் ஹென்றி கார்ட்னர் என்பவரைப் பொருளாளராக நியமித்து, வரி வசூல்காரர்கள் இனிமேல் பணத்தை ராஜாவின் கஜானாதிகாரியிடம் கட்டாமல் இவரிடம் கட்டச் சொன்னார்கள். வரியை நிறுத்தவில்லை. அதே வரி, அதே வசூல்காரன், செலான் மட்டும் வேறு கஜானாவுக்கு. முதல் வெடிக்கு ஆறு மாதம் முன்னாலேயே ஆட்சி மாறிவிட்டது என்பேன் நான்.

"இதை யாரும் நாடகம் போட மாட்டாங்க" என்றாள் அவள். உண்மைதான். ஒரு குமாஸ்தா நோட்டில் பெயரை அடித்து எழுதுவதைப் பார்க்க எவன் ஏணி தூக்கிக்கொண்டு வருவான்?

ஐந்தாம் நாள், செவ்வாய்

சார்ல்ஸ்டவுனில் பங்கர் ஹில் நினைவுத்தூண். 221 அடி, 294 படி, லிப்ட் கிடையாது. பேரனுக்கு இந்த வாரம் லீவு, மேலே ஓடிவிட்டான். என் முட்டி நூற்றிச் சொச்சம் படியில் வாய்தா கேட்டது, இறங்கிவிட்டேன்.

1775 ஜூன் 17 சண்டை பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் பிரீட்ஸ் ஹில்லில்தான் நடந்தது, தூணும் அதன் மேல்தான் நிற்கிறது. பெயர் மட்டும் மாறிப்போய்விட்டது. மருந்து தீர்ந்து ஊர்க்காரர்கள் பின்வாங்கினார்கள், மலை ஆங்கிலேயருக்குப் போனது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்தது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள், செத்தும் காயம்பட்டும். லெக்சிங்டனில் கலையச் சொன்ன பிட்கேர்ன் இங்கே செத்தார். இந்தப் பக்கம், ஊர்க்காரர்களின் தலைவர்களில் ஒருவரான டாக்டர் ஜோசப் வாரன்.

பேரன் வியர்த்துக்கொண்டே இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்தான். நோட்டை எடுத்தான்.

"சொல்லுங்க தாத்தா. எந்தப் பக்கம்?"

சாமுவேல் ஆடம்ஸும் வரி வசூலிக்கிறவர்தான் என்று ஆரம்பித்தேன். ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டான். ஆலிவர், துப்புக்காரர் ரிச்சர்ட்சன், 20 நாள் கெடு, கார்ட்னர், நாப்கின் கணக்கு என்று வரிசையாகச் சொன்னேன். போர் முடிந்த சில வருஷத்தில் இதே மாநிலம் போட்ட வரி தாங்காமல் 1786-ல் விவசாயிகள் கலகம் செய்ததையும், அப்போது அதை அடக்கச் சொன்னவர்களில் சாமுவேல் ஆடம்ஸ் ஒருவர் என்பதையும் சொன்னேன். பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"ஆடம்ஸ் பாக்கி 8000 பவுண்டு. சரி, நீங்க ரிட்டயர் ஆகும்போது உங்க பாக்கி எவ்வளவு?"

மனைவி பிளாஸ்கை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். அதை மட்டும் எழுதாதே என்றேன்.